21 நாள் தீவனம்

வலை கனமாகத்தான் வந்தது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்புகூட வந்தது. கரையேறியதும் உள்ளே துள்ளியதில் பாதி என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. வியாபாரி பீடியைக் கீழே போட்டுவிட்டு வலைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, மீன் வளக்கச் சொன்னா குஞ்சு பொரிக்கிற வேலை பாத்து வெச்சிருக்கே?"

எங்கள் ஊர் ஒரத்தநாடு பக்கம். 2018 நவம்பர் 16 கஜா புயலில் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்தது. அடிமரங்களைப் பெயர்த்தெடுத்த இடத்தில் 40 சென்ட் அளவுக்குக் குளம் வெட்டினேன். தண்ணீருக்குப் போர்வெல் இருந்தது. தென்னை காய்க்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும், மீன் ஆறு மாதம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர் குஞ்சு விற்பவர். "கிஃப்ட் திலேப்பியா, ஜிலேபி மீன்தான். எல்லாம் ஆண். ஹார்மோன் கொடுத்து வளர்த்தது. ஆறு மாசத்துல அரைக் கிலோ" என்றார். 5,000 குஞ்சு வாங்கி விட்டேன்.

ஹார்மோன் என்றதும் எனக்குத் தோன்றியது பிராய்லர் கோழிதான். ஏதோ வளர்ச்சி மருந்து, அதைக் குடித்ததால் மளமளவென்று பெருக்கும் என்று நினைத்தேன். பிராய்லர் கோழிக்கும் ஹார்மோன் ஊசி கிடையாது, அது இனத்தேர்வும் தீவனமும் சேர்ந்து செய்கிற வேலை என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு நான் இருந்தது அந்த லட்சணத்தில்.

ஐந்தாம் மாதம் வலை போட்டதில் கால் கிலோ தாண்டியது கொஞ்சம். மற்றது 100, 150 கிராமில் நின்றுவிட்டது. இவற்றோடு கணக்கில்லாத பொடி மீன். வியாபாரி பெரிசை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனார். பொடியைக் கருவாட்டுக்குக் கேட்ட ஒருவருக்கு, அவர் சொன்ன விலைக்கே கொடுத்தேன். தீவனக் கடன் அப்படியே நின்றது.

மீன்வளம் படித்த நண்பன் ஒருவன் வந்து பார்த்தான். ஒரு மீனை எடுத்து வயிறு மேலே தெரியும்படி திருப்பி, பின்துடுப்புக்கு முன்னால் பேனா மையைத் தொட்டு வைத்தான். ஆண் மீனுக்கு அங்கே இரண்டு துவாரம், பெண்ணுக்கு மூன்று. மை தொட்டால் பெண்ணுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கோடு தெளிவாகத் தெரியும். 30 கிராமுக்கு மேல் உள்ள மீனில் யாரும் பார்க்கலாம், கண் பழக ஒரு மணி நேரம் ஆகும். நூறு மீன் பார்த்தோம். 22 பெண்.

அப்படியானால் 5,000-இல் சுமார் 1,100 பெண். ஜிலேபிப் பெண் மூன்று மாதத்திலேயே, கையகலம்கூட வராதபோதே முட்டையிட ஆரம்பித்துவிடும். ஒரு தடவைக்கு 200 முட்டை என்று குறைத்து வைத்தாலும், 1,100 பெண்ணுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். சூடான தண்ணீரில் மாதம் அல்லது ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை இது நடக்கும். அத்தனை பொடியும் என் தீவனத்தைத்தான் தின்றது, என் குளத்துக் காற்றைத்தான் குடித்தது. பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பதால், அந்த நாட்களில் அதுவும் சாப்பிடாது, வளராது.

நண்பன் சொன்ன ஒரு வாக்கியத்தில் என் ஒரு வருஷ அறியாமை உடைந்தது. "டேய், அது வளர்ச்சி ஹார்மோன் இல்லடா. ஆணாக்குற ஹார்மோன்."

அதை நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்து, அனுமதி பெற்ற ஒரு பொரிப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒன்றரை வருஷம் இருந்தேன். குஞ்சுப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் நாகப்பட்டினத்துக்காரர், எல்லோருக்கும் மாஸ்டர். கோபக்காரர். நான் இதில் தெரிந்துகொண்டதில் முக்கால்வாசி அவர் திட்டியதில் தெரிந்ததுதான்.

தாய் மீன்கள் ஹாப்பாவில் இருக்கும். ஹாப்பா என்றால் குளத்துக்குள் கட்டிய கொசுவலைத் தொட்டி மாதிரி. ஒரு ஆணுக்கு மூன்று பெண். வாரம் ஒரு நாள் காலையில் ஒவ்வொரு பெண்ணையும் பிடித்து வாயைத் திறந்து பார்க்க வேண்டும். முதல் நாள் எனக்குக் கை நடுங்கியது. மாஸ்டர் கட்டைவிரலால் கீழ்த்தாடையை மெல்ல அழுத்தி, தண்ணீர் பேசினில் தலைகீழாக ஒரு அலசு அலசினார். வாய்க்குள்ளிருந்து மஞ்சள் மஞ்சளாக முட்டை கொட்டியது, நனைத்த கடலைப்பருப்பு நிறத்தில். வேறொரு மீனில் அதுவே பழுப்பேறி, ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு கருப்புப் புள்ளி. அவை கண்கள். நிறத்தைப் பார்த்தே எத்தனை நாள் முட்டை என்று மாஸ்டர் தனித்தனிக் கிண்ணத்தில் பிரிப்பார். அந்தப் பிரிப்புதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அடியிலிருந்து தண்ணீர் ஏறும் ஜாடிகளில் முட்டைகள் கொதிக்கிற உலை அரிசி போலப் புரண்டுகொண்டிருக்கும். பொரித்து, வயிற்று மஞ்சள் கரு கரைந்து, குஞ்சு மேலெழுந்து நீந்துகிற நாள் வரும். ஹார்மோன் தீவனம் ஆரம்பிக்க வேண்டியது அந்த நாள். அப்போது குஞ்சு சுமார் ஒரு சென்டிமீட்டர். ஆணா பெண்ணா என்று அதன் உடம்பு இன்னும் முடிவு செய்திருக்காது. பிறவியில் பெண்ணாக இருந்தாலும் அந்த மூன்று வாரம் ஆண் ஹார்மோன் உள்ளே போனால் உறுப்பு விந்தகமாகவே வளரும். காலம் தாண்டி, உடம்பு பெண்ணென்று முடிவு செய்த பிறகு எவ்வளவு கொடுத்தாலும் பலன் இல்லை. ஆணுக்கு முட்டை போடும் செலவு இல்லை, வாயில் அடைகாக்கும் பட்டினி இல்லை, அதனால் பெண்ணைவிட வேகமாக வளரும். வளர்ச்சி வருவது இப்படிச் சுற்றி வளைத்துத்தான்.

கொடுப்பது 17 ஆல்ஃபா மெத்தில் டெஸ்டோஸ்டிரோன். ஒரு கிலோ தீவனத்துக்கு 60 மில்லிகிராம். 60 மில்லிகிராமை எந்தக் கடைத் தராசிலும் நிறுக்க முடியாது. அதனால் 6 கிராமை ஒரு லிட்டர் எத்தனாலில் கரைத்து, கருப்புக் காகிதம் சுற்றிய பாட்டிலில், குளிர்பெட்டியில் வைத்துக்கொள்வோம். அதில் 10 மில்லி எடுத்தால் 60 மில்லிகிராம். அந்த 10 மில்லியை இன்னும் கால் லிட்டர் எத்தனாலில் கலந்து, மாவு போல் சலித்த தீவனத்தின் மேல் தெளித்துப் பிசைய வேண்டும். ஆல்கஹால் தண்ணீர் மாதிரி பரவி எல்லா மாவையும் நனைக்கும், பிறகு தானே பறந்துவிடும். நிழலில் பரப்பி, ஸ்பிரிட் வாடை போகும்வரை கிளறிவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைப்போம். வெயில் படக் கூடாது. அறையில் அடுப்போ பீடியோ கூடாது.

இந்த இடத்தில்தான் மாஸ்டர் என்னை முதல் தடவை சத்தம் போட்டார். பக்கத்து ஊரிலிருந்து வேலைக்கு வந்த ஓர் அக்கா, அவசரத்தில் வெறுங்கையால் தீவனத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா தெரியாம செய்யிறாங்க, நீ தெரிஞ்சிட்டே நிக்கிறியா? மீசை மொளைக்கிற மருந்துடா அது!"

வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் நிஜம்தான். இது தோல் வழியாக உள்ளே போகும், தூளாக மூச்சிலும் போகும். கர்ப்பமாக இருப்பவர்கள் அந்த அறைப் பக்கமே வரக் கூடாது. ஹார்மோன் மீன் சாப்பிட்டால் ஆபத்தா என்று ஊரே கேட்கிறது. கலக்குகிறவர் கையில் உறை இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு இதில் உண்மையான ஆபத்து அங்கேதான் இருப்பதாகப் படுகிறது. ஹாப்பாத் தண்ணீரை நேரே வாய்க்காலில் திறப்பதும் அதே வகைத் தப்பு. நாங்கள் ஆகாயத்தாமரை விட்ட தனிக் குட்டையில் தேக்கி வைத்துத்தான் வெளியே விடுவோம்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஹாப்பாவை முழுக்க என் பொறுப்பில் விட்டார்கள். 5 சதுர மீட்டர், 15,000 குஞ்சு. ஐப்பசி மாதம். நான் செய்த காரியங்களைச் சொல்கிறேன்.

குஞ்சுகளைச் சலிக்காமல் விட்டேன். 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலித்து, மேலே தங்குகிற பெரிய குஞ்சை ஒதுக்க வேண்டும். ஒன்றரை சென்டிமீட்டரை நெருங்கிய குஞ்சுக்குக் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணிக்கை குறையுமே என்று, தாய்க் குளத்து ஓரத்தில் கைவலையால் பிடித்த குஞ்சையும் சேர்த்துவிட்டேன். வயது என்னவென்றே தெரியாத குஞ்சு அது.

மழை விடாமல் பெய்ததால் தீவனம் காயவில்லை. நடுவில் இரண்டு மணி நேரம் வெயில் அடித்தது, தார்ப்பாயோடு இழுத்து வெயிலில் போட்டேன்.

மழை நாளில் குஞ்சு சரியாகத் தின்னாது. இரண்டு நாள் அரைகுறையாகப் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் ஈடுகட்டுவதாக இரட்டிப்பாகக் கொட்டினேன். பாதி அடியில் தங்கி அழுகியது. முதல் வாரம் குஞ்சுகளின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அப்புறம் படிப்படியாகக் குறைத்து மூன்றாம் வாரம் பத்தில் ஒரு பங்கு, அதையும் ஐந்து வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். விட்டுப்போன வேளை விட்டுப்போனதுதான், அடுத்த வேளையில் அதைச் சேர்த்துப் போட முடியாது.

21 நாள் முடிந்து, அதற்குப் பிறகும் வளர்ந்து குஞ்சுகள் 3, 4 கிராம் வந்ததும் மாஸ்டர் நூறு எடுத்துவரச் சொன்னார். அந்த அளவில் துவாரம் பார்க்க முடியாது. வயிற்றைக் கீறினால் முதுகெலும்பை ஒட்டி இரண்டு நூல் போல இனப்பெருக்க உறுப்பு. அதை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, அசிட்டோகார்மைன் சாயம் ஒரு சொட்டு விட்டு, மேலே இன்னொரு கண்ணாடி வைத்து நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். ஆணென்றால் ரவை தூவியது போலப் பொடிப் பொடியாக இருக்கும். பெண்ணென்றால் ஜவ்வரிசிக் கஞ்சி, வட்ட வட்டமாக, நடுவில் ஒரு புள்ளியோடு. அன்றைக்கு நான் 13 தடவை ஜவ்வரிசி பார்த்தேன்.

மாஸ்டர் திட்டவில்லை. "இந்த ஹாப்பாவ விக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என் குளத்தில் விட்ட குஞ்சும் இப்படி யாரோ ஒருவன் சலிக்காமல் விட்டதுதான் என்று அன்றைக்குத் தோன்றியது. அவனுடைய மாஸ்டர் விற்கச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். மூன்று தப்பில் சலிக்காததுதான் பெரிய தப்பு என்பது என் கணிப்பு. அடுத்தடுத்த ஹாப்பாக்களில் சல்லடையைக் கறாராகப் பிடித்ததும் நூற்றுக்கு 3, 2 என்று இறங்கிவிட்டது.

60 மில்லிகிராமுக்குப் பதில் 120 போட்டால் முழுக்க ஆணாகிவிடாதா என்று நானும் கேட்டிருக்கிறேன். ஆகாது. அளவு ரொம்பக் கூடினால் மீனின் உடம்பே அதில் கொஞ்சத்தைப் பெண் ஹார்மோனாக மாற்றிவிடும், பெண் எண்ணிக்கை கூடும், குஞ்சு சாவும் கூடும். 21 நாளைத் தாண்டித் தொடர்ந்து கொடுத்தால் சதை பிடிக்குமே என்ற ஆசையும் அப்படித்தான். இதற்குச் சதை வளர்க்கும் குணம் கொஞ்சம் உண்டு என்பது நிஜம். அதற்காக விற்பனை மீனுக்குக் கொடுப்பது மோசடி, பண்ணக் கூடாது.

வளர்ச்சி ஹார்மோன் என்று உண்மையிலேயே ஒன்று உண்டு. அது மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் சுரப்பது. அது புரதம். தீவனத்தில் கலந்து போட்டால் மற்றப் புரதத்தைப் போலவே பெரும்பாலும் செரித்துப்போகும். மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் சின்ன மூலக்கூறு, வாய்வழியாகப் போனாலும் தாக்குப்பிடிக்கும், அதனால்தான் தீவனத்தில் வேலை செய்கிறது. வளர்ச்சி ஹார்மோனை மீனுக்குள்ளேயே கூடுதலாகச் சுரக்க வைத்ததற்கு உதாரணம் அக்வாஅட்வான்டேஜ் சால்மன். சினூக் சால்மனின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவை அட்லாண்டிக் சால்மனுக்குள் வைத்தார்கள். அமெரிக்காவில் 2015-இல் அனுமதி கிடைத்தது. நம் ஊர் ஜிலேபிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கட்லா, ரோகு பொரிப்பகங்களில் போடும் ஊசி மூன்றாவது வகை. அது தாய் மீனை முட்டையிட வைக்க. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌதுரி பிட்யூட்டரிச் சாறு ஊசி போட்டுக் கெண்டையைப் பண்ணையில் முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். மூன்றுமே ஹார்மோன், மூன்றும் வேறு வேறு வேலை. கடைத்தெருவில் மூன்றுக்கும் ஒரே பெயர்: ஹார்மோன் மீன்.

இந்தக் குழப்பத்தில் காசு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நான் ஊருக்குத் திரும்பி மறுபடி குளம் விட்ட வருஷம், ஒருவர் பைக்கில் வந்து ஒரு லிட்டர் பாட்டிலை நீட்டினார். வளர்ச்சி ஹார்மோன் கலந்த டானிக், குளத்தில் ஊற்றினால் போதும் என்றார். லேபிளில் உள்ளடக்கம் இல்லை. வாங்கினேன், ஆனால் குளத்தில் ஊற்றவில்லை. இரண்டு சிமென்ட் தொட்டியில் ஒரே அளவு மீன் 100, 100 விட்டு, ஒன்றுக்கு மட்டும் ஊற்றி, இரண்டுக்கும் ஒரே தீவனத்தை நிறுத்துப் போட்டேன். 60 நாள் கழித்து எடை பார்த்தால், ஊற்றாத தொட்டி ஒரு படி மேலே. பாட்டிலில் இருந்தது வெல்லப்பாகு வாடை மட்டும்தான்.

புதிதாகக் குளம் விடுகிறவர்களுக்கு இன்னொன்று. கிஃப்ட் என்று சொன்னால் ஆண் குஞ்சு என்று அர்த்தமில்லை. கிஃப்ட் ஓர் இனம். 1988-இல் பிலிப்பைன்ஸில் ஆரம்பித்து, எகிப்து, கானா, கென்யா, செனகல் நாட்டு நைல் திலேப்பியாக்களையும் ஆசியப் பண்ணை மீன்களையும் கலந்து, தலைமுறை தலைமுறையாக நன்றாக வளர்வதைப் பொறுக்கியெடுத்து உருவாக்கியது. அதில் ஹார்மோனும் இல்லை, மரபணு மாற்றமும் இல்லை. அதிலும் பாதி பெண் பிறக்கும். இனமும் நல்லதாக இருக்க வேண்டும், 21 நாளும் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். குஞ்சு வாங்கும்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று: இந்த ஹாப்பாவில் நூற்றுக்கு எத்தனை பெண் பார்த்தீர்கள்? "எல்லாம் ஆண்தான் சார்" என்றால் கிளம்பிவிடுவேன். நூற்றுக்கு 2, 3 என்று சொல்கிறவரிடம் வாங்குவேன், அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

மீன்வளத்துறையில் அனுமதி வாங்காமல் திலேப்பியா விடக் கூடாது என்பதையும் நான் முதல் வருஷம் தெரிந்துகொள்ளவில்லை. ஆண் மட்டுமோ மலட்டு மீனோதான் விடலாம், வெளிமடையில் வலை கட்ட வேண்டும், பறவை வலை போட வேண்டும். காரணம் நம் ஏரி குளங்களிலேயே இருக்கிறது. 1952-இல் இந்தியாவுக்குள் வந்த மொசாம்பிக் ஜிலேபி இன்றைக்கு எந்தக் குட்டையில் இல்லை?

ரோட்டோரம் உயிர்மீன் விற்கும்போது கேட்பார்கள், "ஹார்மோன் போட்டதாண்ணே?" முதலில் மழுப்பினேன். இப்போது கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 15,000 குஞ்சுக்கு 21 நாளில் எங்களுக்குப் போனது சுமார் 6 கிலோ தீவனம், அதில் ஹார்மோன் 360 மில்லிகிராம். ஒரு மீனுக்கு 0.024 மில்லிகிராம், அதுவும் கால் கிராம்கூட இல்லாத குஞ்சாக இருக்கும்போது. கொடுப்பதை நிறுத்திய சில வாரங்களில் உடம்பிலிருந்து போய்விடும், நீங்கள் வாங்குவது ஐந்தாறு மாதம் கழித்து. கால்நடைக்கு ஹார்மோனில் ரொம்பக் கண்டிப்பான ஐரோப்பிய ஒன்றியமே, குஞ்சு மீனை ஆணாக்க முதல் மூன்று மாதத்துக்குள் கொடுப்பதை அனுமதிக்கிறது. கேட்டுவிட்டுச் சிலர் வாங்குகிறார்கள், சிலர் கட்லா கேட்கிறார்கள். சரி, கட்லாவும் இருக்கிறது.

அந்த நூற்றுக்கு மூன்று பெண்ணை என்ன செய்வது? 5,000-இல் 150 பெண், சும்மா விட்டால் அதுவும் பொடி பெருக்கும். ஜிலேபி 100 கிராம் தாண்டிய பிறகு, வாயில் அடங்காத அளவு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, விரால் குஞ்சு 60 விட்டேன். ஓரத்தில் திரியும் பொடியை விரால் பார்த்துக்கொண்டது. போன தடவை வலை இழுத்தபோது அரைக் கிலோ ஜிலேபிகளுக்கு நடுவே விரால்கள் கருப்பாகப் புரண்டன. வியாபாரி அதைத்தான் முதலில் எடுத்து வைத்தார். கரையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, பேசாம அடுத்த தடவை விராலையே விட்டா என்ன?"